நெஞ்செரிச்சலுக்கு நான்கு ஆண்டுகள் ஒரே மாத்திரை: மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் 54 வயதுப் பெண்மணி. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட ஒரு கடலோர ஊரில் கணவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வசிப்பவர். பதின்ம வயதிலேயே தாயாரோடு கடலில் இறங்கிப் பாசி எடுக்கப் பழகியவர். அவருடைய இசைவைப் பெற்றே இது எழுதப்படுகிறது. ஊரையும் ஆளையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டிருக்கின்றன.

அவருடைய தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நோய்க்கான காரணங்களில் பாதி அதில்தான் இருந்தது. பாசி எடுக்கப் போகும் நாட்களில் இவர் விடியுமுன் எழுந்து, அடுத்த வேளைச் சோறு பிற்பகலில்தான் என்பதால் வயிறு நிறையப் பழைய சோறு உண்டு, வல்லத்தில் ஏறித் தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதிக்குப் போய்ச் சேருவார். அங்கே கண்ணாடி மாட்டிக்கொண்டு தலைகீழாக மூழ்கி, கல் கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி எடுத்து இடுப்பில் கட்டியிருக்கும் வலைப்பையில் போடுவார். பையைத் தாங்கும் கயிறு, சேலைக்கு மேல் அணிந்த சட்டையையும் சேர்த்து, வயிற்றின் குறுக்கே இறுகக் கட்டப்பட்டிருக்கும். பை நனைந்து கனக்கக் கனக்க அது இன்னும் இறுகும்.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை வளையமாக அமைந்திருக்கிறது. அதைச் சுற்றி உதரவிதானமும் ஒரு பிடி கொடுக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்துதான் இரைப்பையின் அமிலம் மேலேறாமல் தடுக்கின்றன. நிறைந்த வயிறு, அதன் மேல் இறுகிய கயிறு, போதாததற்குத் தலைகீழான உடல் என மூன்றும் ஒரே நேரத்தில் அமைந்தால், நல்ல நிலையில் உள்ள சுருக்குத்தசையே தோற்றுப்போகும். இவருக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் பல ஆண்டுகளாக உண்டு. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் அந்தத் தசையைத் தளர்த்திவிடும். இரவில் கணவரும் மகனும் வீடு திரும்பிய பிறகே உண்பது வழக்கம் என்பதால் சாப்பாடு ஒன்பதரை மணிக்கு மேல்தான், உண்ட கையோடு பாயை விரித்துப் படுத்துவிடுவார்.

மாத்திரை வந்த வழி

எங்கள் மருத்துவமனைக்கு அவர் வருவதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் தாங்க முடியாமல் ஒரு தனியார் மருத்துவரைப் பார்த்திருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்தது 40 மி.கி. பான்டோபிரசோலும், குமட்டலை அடக்கும் டோம்பெரிடோன் 30 மி.கி.யும் சேர்ந்த கேப்சூல். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று வீதம் இரண்டு வாரம் சாப்பிட வேண்டும் என்பது சொல்லப்பட்ட முறை. அன்றைய நிலையில் அந்த மருத்துவம் சரியானதே. பான்டோபிரசோல், இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய புரதப் பம்புகளை அடைத்துவிடுவதால், எரிச்சல் சில நாட்களிலேயே அடங்கும், புண்ணும் ஆறும். அவருக்கும் அப்படியே அடங்கியது.

இரண்டு வாரம் முடிந்த பிறகு என்ன செய்வது என்பது சீட்டில் இல்லை. மாத்திரையை விட்ட சில நாட்களில் எரிச்சல் முன்னிலும் கடுமையாகத் திரும்ப வந்திருக்கிறது. வெறும் அட்டையைக் கொண்டுபோய் மெடிக்கலில் காட்டினார், அதே மாத்திரை கிடைத்தது. அதன் பிறகு மருத்துவரிடம் போக வேண்டிய தேவையே எழவில்லை. அட்டையின் ஓரத்தில் இருக்கும் சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து என்பதைக் குறிக்கிறது என்றாலும், ‘கேஸ் மாத்திரை’யை அந்த வகையில் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் இல்லை. மூன்றாம் ஆண்டில் காலை ஒன்று, இரவு ஒன்று என ஆனது. மருமகள் சொன்னபடி, வீட்டில் அரிசி தீர்ந்தாலும் அந்த அட்டை தீராது.

இதற்கிடையே வேறு இரண்டு மருந்துகள் வந்து சேர்ந்தன. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் கலந்த வலி மாத்திரையை வாரத்தில் பல நாட்கள் கடையில் வாங்கிப் போட்டிருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு, டெல்மிசார்ட்டனோடு ஹைட்ரோகுளோரோதயாசைட் என்ற நீர்போக்கு மருந்தும் சேர்ந்த மாத்திரையை இரண்டு ஆண்டுகளாக வேறொரு மருத்துவரின் சீட்டின்படி உண்டு வந்தார். மூன்றையும் கொடுத்தவர்கள் மூவர், ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

உணவிலும் ஒரு மாற்றம் நடந்திருந்தது. நெஞ்செரிச்சல் என்றதும் ஆளாளுக்கு ஒன்றை விடச் சொல்லியிருக்கிறார்கள்: மிளகாய், புளி, எண்ணெய், கருவாடு, கடைசியில் மீன். ராமநாதபுரம் முண்டு மிளகாயும் மீன் குழம்பும் இல்லாத வீடு இந்தக் கரையில் அரிது. அப்படிப்பட்ட வீட்டில் இவர் மட்டும் இரண்டு ஆண்டுகளாக மோர்ச்சோறும் இட்லியுமாகக் காலம் தள்ளியிருக்கிறார்.

மருத்துவமனைக்கு வந்த நாள்

சித்திரை மாதம், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்த நேரம். மூன்று நாட்களாக வயிற்றுப்போக்கு, நெஞ்சு படபடப்பு, வாயைச் சுற்றி மரத்துப்போதல் ஆகியவற்றோடு மருமகள் அவரை அழைத்து வந்தார். கெண்டைக்காலில் குரக்குப் பிடிப்பதும் கை விரல்கள் இழுத்துக்கொள்வதும் சில மாதங்களாகவே இருந்தனவாம். குளிர்ந்த நீரில் நெடுநேரம் வேலை செய்வதால் வருகிறது என்று அவரே முடிவு செய்திருந்தார்.

செவிலியர் இரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையை இறுக்கினார். படபடப்பினால் அளவு சரியாகப் பிடிபடாததால் பட்டை வழக்கத்தைவிடச் சற்று நேரம் இறுகியே இருந்தது. இரண்டு நிமிடங்களுக்குள் அந்தக் கை தானாகவே மடங்கியது. மணிக்கட்டு வளைந்தது, விரல்கள் நேராக விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பெருவிரல் உள்ளங்கைக்குள் இழுபட்டது. பட்டையைத் தளர்த்தியதும் கை மெல்ல விரிந்தது. “இப்படித்தான் டாக்டரய்யா, பாசி பிய்க்கையில தண்ணிக்குள்ள இழுத்துக்கிருது. கல்லப் பிடிச்சா விட மாட்டேங்குது” என்றார் அவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு நீருக்கடியில் இருக்கும் ஒருவருக்குக் கை இப்படி விறைத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்கத் தேவையில்லை.

இரத்த அழுத்தப் பட்டையின் கீழ் கை இவ்வாறு மடங்குவது, இரத்தத்தில் கால்சியம் குறைந்திருப்பதற்கான பழைய, நம்பத்தக்க அறிகுறி. படபடப்பும் நெஞ்சு எரிச்சலும் சேர்ந்து இருந்ததால் முதலில் ஈசிஜி எடுக்கப்பட்டது. நெஞ்செரிச்சல் என்று சொல்லி வரும் நடுத்தர வயதினரில் மாரடைப்பை விலக்கிவிட்டுத்தான் வேறெதையும் யோசிக்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. மாரடைப்பின் அடையாளம் இல்லை. ஆனால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்ததற்கு ஆயத்தமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறிக்கும் க்யூடி இடைவெளி, திருத்திய கணக்கில் 510 மில்லி வினாடியாக நீண்டிருந்தது. 500-ஐத் தாண்டினால், உயிரைப் பறிக்கக்கூடிய தாறுமாறான துடிப்பு எந்நேரமும் தொடங்கலாம்.

முதலில் வந்த முடிவுகளில் கால்சியம் டெசிலிட்டருக்கு 6.9 மி.கி. என்றும், பொட்டாசியம் லிட்டருக்கு 2.9 மில்லி ஈக்விவலன்ட் என்றும் இருந்தன. சிறுநீரகச் செயல்பாடு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.6 கிராம். மெக்னீசியம் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லாததால் மாதிரி வெளியே அனுப்பப்பட்டது.

முதல் நாள் எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

மருமகள் ஒரு துணிப்பையில் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவந்திருந்தார். அவற்றை மேசையில் பரப்பிப் பார்த்ததும் சிந்தனை ஒரு திசையில் திரும்பியது. கால்சியமும் பொட்டாசியமும் ஒரே நேரத்தில் குறைந்து, சிறுநீரகமும் சரியாக இருந்தால், இரண்டுக்கும் பின்னால் மெக்னீசியக் குறைவு இருக்கக்கூடும். மெக்னீசியம் மிகவும் குறைந்துவிட்டால், கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பதும் வேலை செய்வதும் தடைபடும். சிறுநீரகமும் பொட்டாசியத்தைத் தக்கவைத்துக்கொள்ள முடியாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் எவ்வளவு ஏற்றினாலும் அவை நிற்பதில்லை.

பான்டோபிரசோல் போன்ற மருந்துகளை நீண்ட காலம் உண்பவர்களில் சிலருக்கு, குடல் மெக்னீசியத்தை உறிஞ்சும் திறன் குறைந்துவிடுவது 2006 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011 மார்ச்சில் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் உண்டவர்களுக்கே வருகிறது என்றும், பதிவானவர்களில் ஏறத்தாழ கால் பங்கினருக்கு மெக்னீசியம் கொடுத்தும் போதாமல் அந்த மருந்தையே நிறுத்த வேண்டியிருந்தது என்றும் அது கூறியது. நீர்போக்கு மருந்து சிறுநீரின் வழியே மெக்னீசியத்தை இழக்கச் செய்யும். வயிற்றுப்போக்கு எஞ்சியதையும் கொண்டுபோய்விடும்.

இதைவிட அவசரமானது டோம்பெரிடோன். அது தன்னளவிலேயே க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியது. ஐரோப்பிய மருந்து அமைப்பு 2014-இல் அதன் உச்ச அளவை நாளொன்றுக்கு 30 மி.கி. என்றும், பயன்படுத்தும் காலத்தைப் பொதுவாக ஒரு வாரம் என்றும் வரையறுத்தது. இவர் ஓராண்டுக்கும் மேலாக நாளொன்றுக்கு 60 மி.கி. உண்டிருக்கிறார். ஒரே கேப்சூலின் ஒரு பாதி மெக்னீசியத்தைக் குறைத்து இதயத்தை நிலைகுலைய வைக்க, மறுபாதி அதே இதயத்தின் மீது நேரடியாக வேலை செய்திருக்கிறது. இந்தச் சேர்க்கை எவ்வளவு பரவலாக எழுதப்படுகிறது என்பதை எண்ணும்போது, இந்த ஓர் அம்சத்துக்காகவே இந்நிகழ்வைப் பதிவு செய்வது கடமை என்று தோன்றியது.

ஆகவே மெக்னீசியத்தின் முடிவு வரும் வரை காத்திருப்பதில்லை என்று தீர்மானித்தோம். கேப்சூல், நீர்போக்கு மருந்து, வலி மாத்திரை மூன்றும் அப்போதே நிறுத்தப்பட்டன. குமட்டலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஒண்டான்செட்ரானும் க்யூடியை நீட்டும் என்பதால் தவிர்க்கப்பட்டது. சிறுநீர் மாதிரி எடுத்து வைத்த பிறகு, 2 கிராம் மெக்னீசியம் சல்பேட் உப்புநீரில் கலந்து மெதுவாக நரம்பு வழியே ஏற்றப்பட்டது, கால்சியமும் பொட்டாசியமும் தொடர்ந்தன. இதயத் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருந்ததால், முதல் ஏற்றம் முடிந்த கையோடு ஆம்புலன்சில் ராமநாதபுரத்தின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். கொடுத்த மருந்துகளின் பட்டியலும் ஈசிஜி தாளும் உடன் சென்றன.

மறுநாள் மெக்னீசியம் அளவு தெரிந்தது: டெசிலிட்டருக்கு 0.6 மி.கி. இருக்க வேண்டியது ஏறத்தாழ 1.7 முதல் 2.2 வரை. சிறுநீரில் வெளியேறிய மெக்னீசியம் மிகக் குறைவாக இருந்தது. சிறுநீரகம் தன்னால் இயன்றவரை அதைக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, இழப்பின் பெரும்பகுதி குடலில் என்பதற்கு அது சான்று. மூன்று நாட்கள் மெக்னீசியம் ஏற்றிய பிறகு கை இழுப்பு நின்றது, க்யூடி 440-க்கு இறங்கியது, கால்சியமும் பொட்டாசியமும் அதன் பிறகே நிலைத்தன.

மாத்திரையை நிறுத்திய பின்

உயிருக்கு வந்த ஆபத்து நீங்கிய நான்காம் நாள், நெஞ்செரிச்சல் திரும்பியது. அவர் சொன்ன வார்த்தைகளில், “நெருப்ப முழுங்குன மாதிரி” இருந்தது. மாத்திரையைத் திரும்பக் கொடுங்கள் என்று அவரும், பார்க்கச் சகிக்கவில்லை என்று குடும்பத்தாரும் வற்புறுத்தினார்கள். இந்த மருந்தை நம்பி ஆண்டுக்கணக்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும்.

அமிலம் நெடுநாள் அடக்கப்பட்டிருக்கும்போது, அமிலம் போதவில்லை என்று உணரும் உடல் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது அமிலம் சுரக்கத் தூண்டும் செல்களைப் பெருக்கிவிடுகிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால், பெருகிய செல்கள் அனைத்தும் சேர்ந்து முன்னிலும் அதிக அமிலத்தைச் சுரக்கச் செய்கின்றன. டென்மார்க்கில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகவே காட்டியது. நெஞ்செரிச்சலே இல்லாத 120 நலமான மனிதர்களில் ஒரு பாதியினருக்கு எட்டு வாரம் இந்த வகை மருந்தும், மறு பாதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. நிறுத்திய பிறகு, மருந்து உண்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது, மற்றவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. நோயே இல்லாதவருக்கும் மருந்தை நிறுத்துவதாலேயே நோய்க்குறி தோன்றும் என்றால், நோய் உள்ளவர் நிறுத்திப் பார்த்துவிட்டு ‘எனக்கு இது இல்லாமல் ஆகாது’ என்ற முடிவுக்கு வருவதில் வியப்பில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் இரண்டு வாரக் கெடு முடிந்தபோது இவருக்கு வந்த எரிச்சலில், நோயின் பங்கு எவ்வளவு, நிறுத்தியதன் பங்கு எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல இயலாது.

அவரிடமும் மருமகளிடமும் இதை எளிமையாக விளக்கினோம். இந்த எரிச்சல் சில வாரங்களில் தணியும், தணியும் வரை வேறு துணைகள் உண்டு என்று உறுதி அளித்தோம். அமிலத்தை வேறு வழியில் குறைக்கும் ஃபமோடிடின் 20 மி.கி. காலையும் இரவும், உணவுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் ஆல்ஜினேட் கலந்த திரவ மருந்து என்பது ஏற்பாடு. ஆல்ஜினேட் உணவின் மேல் மிதக்கும் ஒரு படலமாகி அமிலம் மேலேறுவதைத் தடுக்கிறது. அது உண்மையில் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் பொருள்; இந்தக் கரையில் கட்டக்கோரை என்று சொல்லி மூட்டையாக அள்ளும் பாசி அந்த வகையைச் சேர்ந்தது. தானும் தன்னை ஒத்த பெண்களும் எடுக்கும் பாசியிலிருந்து வரும் மருந்து என்று அறிந்தபோது அவருக்கு அதன் மீது ஏற்பட்ட நம்பிக்கை, அந்தக் கடினமான வாரங்களில் எங்களுக்குப் பெரிதும் உதவியது.

சாதாரணமாக இந்த வகை மருந்தை நிறுத்தும்போது படிப்படியாகக் குறைத்தும் நிறுத்தலாம், ஒரேயடியாகவும் நிறுத்தலாம் என்பதே அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நிலைப்பாடு. அவகாசம் இருந்தால் நான் படிப்படியாகக் குறைப்பதையே விரும்புகிறேன், நோயாளிக்குத் துணிவு வருகிறது. இவருக்கு அந்த அவகாசம் இல்லை.

எண்டோஸ்கோபி

வயது, நான்கு ஆண்டு நோய், இரத்தசோகை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்ததால் உள்ளே பாராமல் விடுவதற்கில்லை. விழுங்குவதில் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்த வாந்தி, கருமையான மலம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காலம் தாழ்த்தாமல் எண்டோஸ்கோபி செய்ய வேண்டும். இவருக்கு அவை இல்லை. மருந்து உண்டுகொண்டிருக்கும்போது பார்த்தால் புண் ஆறியிருக்கும், இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருந்தாலும் பரிசோதனை அதை இல்லை என்று காட்டக்கூடும் என்பதால், நிறுத்திய மூன்றாம் வாரம் செய்யப்பட்டது.

இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்துக்கு மேல் சற்று ஏறியிருக்கும், ஹெர்னியா எனப்படும் சிறிய இறக்கம் இருந்தது. உணவுக்குழாயின் அடியில் லேசான, முதல் நிலைப் புண் காணப்பட்டது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் வலி மாத்திரைகளால் ஏற்படும் வகையிலான சிறு அரிப்புகள் இருந்தன. புற்றுநோய்க்கு முன்னோடியான மாற்றம் எதுவும் இல்லை, ஹெலிகோபாக்டர் கிருமியும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் இரும்புச் சேமிப்பும் வைட்டமின் பி12-உம் குறைந்திருந்தன. உணவில் உள்ள இரும்பை உறிஞ்சவும், மீன், இறைச்சியின் புரதத்திலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்கவும் இரைப்பை அமிலம் தேவை. இவருக்கு அமிலமும் அடக்கப்பட்டிருந்தது, மீனும் விலக்கப்பட்டிருந்தது.

இந்த முடிவு வேறுவிதமாக இருந்திருந்தால் எங்கள் தீர்மானமும் வேறாக இருந்திருக்கும். உணவுக்குழாயில் ஆழ்ந்து பரவிய புண்ணோ, பாரெட் என்று சொல்லப்படும் திசு மாற்றமோ உள்ளவர்களுக்கும், முன்பு இரைப்பையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இதயத்துக்காக ஆஸ்பிரின் தொடர்ந்து உண்ண வேண்டியவர்களுக்கும் இந்த மருந்து நீண்ட காலம் தேவைப்படும், அவர்களுக்கு அதன் நன்மை ஆபத்தைவிடப் பன்மடங்கு பெரிது. இதைப் படித்துவிட்டு அவர்களில் ஒருவர் தானாக மருந்தை நிறுத்திவிட்டால், இந்த ஆய்வு செய்வது தீங்காகிவிடும். இப்பெண்மணிக்கு நீண்ட கால மருத்துவத்தைக் கட்டாயமாக்கும் காரணம் எதுவும் எண்டோஸ்கோபியில் கிடைக்கவில்லை என்பதாலேயே மருந்தில்லாத வழியைத் தொடர்ந்தோம்.

வீட்டிலும் கடலிலும் மாற்றியவை

அச்சடித்த அறிவுரைத் தாளைக் கொடுத்து அனுப்புவதால் பயனில்லை என்பது இந்தக் கரையில் பணிபுரியும் அனைவரும் அறிந்ததே. ‘தலைமாட்டை உயர்த்திப் படுக்கவும்’ என்று தாள் சொல்கிறது, அவரோ தரையில் பாயில் படுப்பவர். தலையணைகளை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும்தான் மடங்குமே தவிர உணவுக்குழாய் உயராது, வயிறு இன்னும் நசுங்கும். ஆகவே, மீன்வலை போட்டு வைத்திருந்த பழைய மரக்கட்டில் ஒன்றை மகன் பழுது பார்த்தார். அதன் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் ஏறத்தாழ அரையடி உயரத்துக்குச் செங்கல் வைக்கப்பட்டது. இடப்பக்கம் சாய்ந்து படுக்கப் பழகினார்.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றுவது கட்டிலைவிடக் கடினமாக இருந்தது. ஆண்கள் உண்ணுமுன் தான் உண்பதை அவர் மனம் ஏற்கவில்லை. இதை முடித்துவைத்தவர் மருமகள்தான். “அத்தை, பிள்ளைகளுக்கு ஏழு மணிக்கு ஊட்டுறப்ப நீங்களும் கூட உக்காந்து சாப்பிட்டுருங்க, மாமாவுக்கு நான் போட்டுக்கிறேன்” என்று அவர் ஏற்பாடு செய்தார். மருத்துவர் சொல்லி நடக்காதது அந்த ஒரு வாக்கியத்தில் நடந்தது.

கடலுக்குப் போகும் நாட்களில், புறப்படுமுன் கால் வயிற்றுக்கு மட்டும் உணவு, கரை திரும்பியதும் முழுச் சாப்பாடு என்று மாற்றினோம். வலைப்பையின் கயிற்றை வயிற்றில் கட்டாமல், இரு தோள்களின் வழியாகக் குறுக்கே எடுத்து இடுப்பெலும்பின் மீது பை தொங்கும்படி அவரே ஒரு முறையைக் கண்டுபிடித்தார். முதலில் நீந்தும்போது பை இடறியது, கயிற்றின் நீளத்தைக் குறைத்ததும் சரியானது. அவரோடு செல்லும் பெண்களில் சிலரும் இப்போது அப்படிக் கட்டுகிறார்கள்.

உணவு விலக்குகளைப் பொறுத்தவரை எங்கள் நிலைப்பாடு, எது உண்டால் எரிகிறதோ அதை மட்டும் குறைத்தால் போதும் என்பது. மீன் அன்றே திரும்பச் சேர்க்கப்பட்டது. எண்ணெயில் பொரித்ததும் இரவில் மிகுந்த காரமும்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, புளி ஊற்றிய மீன் குழம்பு பகலில் எந்தத் தொல்லையும் தரவில்லை. புகையிலை முற்றிலும் நிற்கவில்லை, படுக்கும் முன் போடுவது மட்டும் நின்றிருக்கிறது. முழங்காலுக்குப் பாராசிட்டமாலும், மேலே தடவும் களிம்பும், தொடைத்தசைப் பயிற்சியும் தரப்பட்டன.

இரத்த அழுத்தத்துக்கு நீர்போக்கு மருந்து இல்லாமல் டெல்மிசார்ட்டனின் அளவு மட்டும் கூட்டப்பட்டது. வழக்கமாக அடுத்துச் சேர்க்கும் அம்லோடிபின், உணவுக்குழாயின் சுருக்குத்தசையைத் தளர்த்தக்கூடியது என்பதால் தவிர்த்தோம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமும் இதை எழுதிக் கொடுத்தோம்.

இடையில் நேர்ந்தது

இரண்டாம் மாத முடிவில் மெக்னீசியம் 1.9 இருந்தது, வாய்வழி மெக்னீசியத்தை நிறுத்தி நான்கு வாரம் ஆகியிருந்தது. பிறகு உறவில் ஒரு திருமணம் வந்தது. அலைச்சல், நேரங்கெட்ட விருந்து, நெஞ்செரிச்சல். வெளியூரில் ஒரு மருந்துக்கடையில் ‘பழைய மாத்திரை வேண்டாம், அது ஆகாது’ என்று தெளிவாகச் சொல்லித்தான் வாங்கியிருக்கிறார். கொடுக்கப்பட்டது ராபிபிரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த கேப்சூல். முன்னது பான்டோபிரசோலின் வகையைச் சேர்ந்ததே. பின்னது சிலருக்குக் கை நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் உண்டாக்கும். பத்து நாட்கள் உண்ட பிறகு கெண்டைக்காலில் குரக்குப் பிடிக்கத் தொடங்கியதும் மருமகள் அட்டையோடு அழைத்து வந்தார். மெக்னீசியம் 1.4-க்கு இறங்கியிருந்தது.

முதல் முறை பான்டோபிரசோலும் நீர்போக்கு மருந்தும் ஒரே நாளில் நிறுத்தப்பட்டதால், எது காரணம் என்பதில் ஐயத்துக்கு இடம் இருந்தது. இம்முறை நீர்போக்கு மருந்து இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. சோதனைக்காக இந்த வகை மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது முறையாகாது என்று நாங்கள் விலக்கி வைத்திருந்த சான்று, இப்படித் தற்செயலாகக் கிடைத்தது. நிறுத்திய இரண்டு வாரத்தில் அளவு தானாகவே மீண்டது.

அன்று ஓர் அட்டை எழுதிக் கொடுத்தோம். ஒமிபிரசோல், பான்டோபிரசோல், ராபிபிரசோல், எசோமிபிரசோல், லான்சோபிரசோல் ஆகிய எதுவும் தனியாகவோ வேறொன்றோடு சேர்ந்தோ இவருக்குக் கொடுக்கலாகாது, டோம்பெரிடோனும் கூடாது என்று தமிழிலும், கடைக்காரரும் மருத்துவரும் படிக்க ஆங்கிலத்திலும் எழுதி, நனையாத உறையில் போட்டுத் தந்தோம். அது அவருடைய ஆதார் அட்டையோடு இருக்கிறது.

விளைவு

ஓராண்டு நிறைவில், அவர் வாரத்தில் ஓரிரு இரவுகள் மட்டும் ஃபமோடிடின் உண்கிறார். அதையும் நாள்தோறும் உண்டால் சில வாரங்களில் அதன் வேலை குறைந்துவிடும் என்பதால், தேவையான அன்று மட்டும் என்பது அவருக்கு நன்கு பழகிவிட்டது. ஹீமோகுளோபின் 12-ஐ எட்டியிருக்கிறது, பி12 ஊசிகள் முடிந்துவிட்டன. கை இழுப்பு மீண்டும் வரவில்லை, பாசி எடுக்கப் போகிறார். நெஞ்செரிச்சல் முழுவதும் நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை: குனிந்து வேலை செய்யும் நாட்களில் எட்டிப் பார்க்கிறது, இறக்கம் அப்படியே இருக்கிறது. அவர் அதைத் தாங்கக்கூடியதாகவே கருதுகிறார். மெக்னீசியமும் பி12-உம் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கப்படும், விழுங்குவதில் தடை தோன்றினால் உடனே எண்டோஸ்கோபி.

நடைமுறையில் மாறியவையும் மாற வேண்டியவையும்

எங்கள் சீட்டுகளில் இந்த வகை மருந்துக்கு நேரே இப்போது முடிவுத் தேதி எழுதப்படுகிறது. நான்கு அல்லது எட்டு வாரம் என்றால் எந்தத் தேதி வரை என்பதும், நிறுத்திய பின் சில நாட்கள் எரிச்சல் கூடும், அதற்கு என்ன செய்வது என்பதும் அதே சீட்டில் இருக்கும். இந்த இரண்டாவது செய்தி இல்லாமல் முதலாவது பயன்படாது என்பது என் உறுதியான கருத்து. டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூலை, குமட்டலோ வாந்தியோ இல்லாத நெஞ்செரிச்சலுக்கு எழுதுவதை விட்டுவிட்டோம். வலி மாத்திரை எழுதும்போது ‘வயிறு புண்ணாகாமல் இருக்க’ என்று இளையவர்களுக்கும் ஆபத்தில்லாதவர்களுக்கும் வழக்கமாகச் சேர்க்கப்படும் மாத்திரையும் குறைக்கப்பட்டிருக்கிறது. நெஞ்செரிச்சலே இல்லாத பலருக்கு இந்த மருந்து முதலில் அறிமுகமாவது அந்த வழியில்தான்.

ஓராண்டுக்கு மேல் இந்த வகை மருந்தோடு நீர்போக்கு மருந்தும் உண்பவர் வந்தால் மெக்னீசியம் பார்க்கிறோம். குரக்குப் பிடிப்பு, கை இழுப்பு, வாயைச் சுற்றி மரத்துப்போதல் என்று யார் சொன்னாலும், சத்துக் குறைவு என்று கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்புமுன் வீட்டில் உள்ள அட்டைகள் அனைத்தையும் கொண்டுவரச் சொல்கிறோம்.

சுற்றியுள்ள மருந்துக்கடைக்காரர்களிடம் நேரில் பேசினோம். வெறும் அட்டையைக் காட்டுபவரிடம் எத்தனை நாளாக உண்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்க அவர்களில் சிலர் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் எங்களிடம் அனுப்புகிறார்கள், அப்படி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தைக் குறைக்க முடிந்திருக்கிறது. மெக்னீசியம் பரிசோதனைக்கு மட்டும் மாதிரியை இன்னமும் வெளியே அனுப்பிவிட்டு மறுநாள் வரை காத்திருக்கிறோம். கால்சியம் பார்க்கும் கருவியிலேயே அதையும் பார்க்கத் தேவையான வேதிப்பொருளை வாங்கித் தருமாறு எழுதிக் கேட்டிருக்கிறோம்.